சேலத்து ஏரிகளில் வலசைப் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி முடிந்து மழை சற்று ஓய்ந்ததும் சேலத்தில் பலருக்கு வலசைப் பறவைகளை, அதாவது குளிர்காலத்தைக் கழிக்கத் தொலைவிலிருந்து வரும் பறவைகளை, பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. அப்போது கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசை எதுவும் கிடையாது. வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

சேலம் மாவட்டத்தில் பறவைகள் சரணாலயமே இல்லையே? இங்கே எப்படி வலசைப் பறவைகள் வரும்?

பறவைகள் அரசிதழ் படித்துவிட்டு வருவதில்லை. வேடந்தாங்கல், வெள்ளோடு போல அறிவிக்கப்பட்ட நீர்ப்பறவைச் சரணாலயம் நம் மாவட்டத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் சேர்வராயன் மலையில் பெய்கிற மழை திருமணிமுத்தாறாகவும் சரபங்கா நதியாகவும் இறங்கி வருகிறது. அந்த நீரைப் பிடித்து வைக்க நம் முன்னோர் வெட்டிய ஏரிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மேற்கே மேட்டூரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம் கடல்போல் விரிந்து கிடக்கிறது.

வட ஆசியாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் நீர்ப்பறவைகள் பயன்படுத்தும் பாதைக்கு மத்திய ஆசியப் பறப்புவழி என்று பெயர். ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் அந்த வழியில் சேலமும் இருக்கிறது. கோடியக்கரையைப்போல ஆயிரக்கணக்கில் இங்கே குவியாது. சிறு சிறு கூட்டங்களாக, இன்று இந்த ஏரி நாளை அந்த ஏரி என்று இருக்கும். கூட்டம் பார்க்கத்தான் ஆசை என்றால் கோடியக்கரைக்குப் போங்கள். ஒரு பறவையை ஆற அமரப் பார்க்க நம் ஏரியே போதும்.

எந்த மாதத்தில் வந்தால் நிறையப் பார்க்கலாம்?

எல்லோரும் டிசம்பர், ஜனவரி என்பார்கள். அது பாதி பதில்தான்.

முதலில் வருபவை உள்ளான்கள், சேற்றோரத்தில் மேயும் சிறு பறவைகள். கருப்பு உள்ளானும் சாதா உள்ளானும் ஆகஸ்டிலேயே வந்துவிடும். ஊரில் ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போது, வறண்ட ஏரியின் மதகடிக் குட்டையில் ஒற்றைக் கருப்பு உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். செப்டம்பரில் நீலச்சிறகு வாத்துகளின் முதல் கூட்டங்கள் வரும். வாத்துகளில் முந்திக்கொள்வது பெரும்பாலும் இதுதான். அக்டோபரில் தகைவிலான்கள் கம்பிகளில் வரிசை கட்டும், மஞ்சள் வாலாட்டிகள் நாற்றங்கால்களில் இறங்கும். நவம்பருக்குப் பிறகு தட்டைவாயன், ஊசிவால் வாத்து, கிளுவை ஆகிய வாத்துகள் சேரும். மார்ச்சில் கலையத் தொடங்கி ஏப்ரல் இறுதிக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும்.

இந்தக் கணக்கோடு ஏரியின் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேலத்தைப் பொறுத்தவரை நாட்காட்டியைவிட நீர்மட்டத்தைத்தான் நான் நம்புவேன். அடுத்த கேள்வியே அதுதான்.

ஏரி நிரம்பித் தளும்புகிறது. ஆனால் ஒரு பறவையும் இல்லை. ஏன்?

தளும்புவதுதான் காரணம்.

ஏரி நிரம்பினால் பறவை வரும் என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. மீனைப் பிடித்து உண்ணும் நீர்க்காகத்துக்கும், முங்கி எழும் முக்குளிப்பானுக்கும் அது பொருந்தும். வலசை வரும் பெரும்பாலான வாத்துகள் முங்குவதில்லை. தலையை நீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில் மேய்பவை. அவற்றுக்கு ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் தண்ணீர் இருந்தால்தான் அடிமண் எட்டும். உள்ளான்களுக்கு அதுவும் வேண்டாம். கொசு உள்ளானின் அலகு இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதற்கு வேண்டியது ஈரம் காயாத சேறு. தண்ணீரும் மண்ணும் சந்திக்கிற அந்த ஓரப்பட்டைதான் அதன் முழு உலகம்.

ஐப்பசி மழையில் ஏரி கரை முட்ட நிற்கும்போது இந்தப் பட்டை மறைந்துவிடுகிறது. தண்ணீர் நேரே கருவேல மரத்தடியில் போய் முட்டுகிறது. பறவை இறங்க இடம் இல்லை. தை, மாசியில் பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக, வெயிலில் வற்ற வற்ற, நாளுக்கு நாள் புதுச் சேறு வெளிப்படும். அதுவரை தண்ணீருக்கடியில் வளர்ந்த புழுவும் நத்தையும் அதோடு வெளிப்படும். பொங்கலுக்குப் பிந்தைய ஆறேழு வாரங்கள்தான் நம் ஏரிகளில் உள்ளான்களின் அறுவடைக்காலம். இன்னொன்றும் நடக்கிறது. மார்ச்சில் மற்ற குட்டைகள் எல்லாம் வற்றிவிட, தண்ணீர் மிஞ்சிய ஓர் ஏரியில் அக்கம்பக்கத்துப் பறவைகள் அத்தனையும் வந்து சேரும். அந்த ஏரி எது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கிறவர்தான் இந்த ஊரில் கெட்டிக்காரப் பறவை நோக்கர்.

சரபங்கா நீரேற்றுத் திட்டம் வந்த பிறகு இந்தக் கணக்கு மேற்கு வட்டங்களில் கொஞ்சம் மாறுகிறது. மேட்டூரின் உபரிநீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுசெல்வது அதன் நோக்கம். அணை நிரம்பும் காலம் பெரும்பாலும் ஆடி, ஆவணி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நிரம்பும் ஏரியில் ஓரம் வெளிப்படும் காலமும் மாறும். எடப்பாடி, தாரமங்கலம் பக்கம் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எந்த ஏரிக்குப் போவது?

நகரத்துக்குள்ளேயே வேண்டுமென்றால் கன்னங்குறிச்சி மூக்கனேரி. பழைய பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். மலையடிவாரத்துப் புது ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் இங்கே வரும். சுமார் 58 ஏக்கர் பரப்பு. 2010ஆம் ஆண்டு வாக்கில் சேலம் மக்கள் குழு இதைச் சீரமைக்கத் தொடங்கியது. அள்ளிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாக அமைத்து மரம் நட்டார்கள். நாய் ஏற முடியாத அந்தத் திட்டுகளில் மாலையில் கொக்குகளும் நீர்க்காகங்களும் அரிவாள்மூக்கன்களும் அடையும் சத்தம் கரைவரை கேட்கும். இராக்கொக்குகள் அந்த நேரத்தில்தான் வேலைக்குக் கிளம்பும். வாத்தும் உள்ளானும் இங்கே குறைவு, ஏனென்றால் ஓரம் குறைவு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

பனமரத்துப்பட்டி ஏரி வேறு கதை. சேலத்துக்குக் குடிநீர் தருவதற்காக ஆங்கிலேயர் காலத்தில் 1911இல் கட்டியது. பரப்பு இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். வரத்து குறைந்து ஆண்டுக்கணக்காக வறண்டு, சீமைக் கருவேலம் மண்டிப்போன ஏரி. தண்ணீர் இருக்கும் ஆண்டில் போய்ப் பாருங்கள். இல்லாத ஆண்டிலும் புதர்க்காட்டுப் பறவைகள், பூனைப்பருந்துகள், வானம்பாடிகள் என்று வேறு கூட்டம் இருக்கும். போகும் முன் தண்ணீர் இருக்கிறதா என்று அந்த ஊர்ப் பக்கம் யாரையாவது கேட்டுக்கொள்வது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மேட்டூர் அணையின் பின்பக்கம், கொளத்தூரை ஒட்டிய பண்ணவாடி. 1934இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது மூழ்கிய ஊர்களின் மேல்தான் அந்தத் தண்ணீர் நிற்கிறது. நீர்மட்டத்தின் உச்சம் 120 அடி. அது நன்றாக இறங்கும் ஆண்டுகளில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். செய்தித்தாள்கள் அவற்றைப் படம்பிடிக்க ஓடிவரும். அதே நேரத்தில் நந்திக்கு இரண்டு பக்கமும் வெளிப்படும் பெருவெளியை யாரும் படம்பிடிப்பதில்லை. வண்டல் மண்ணில் விவசாயிகள் எள்ளும் கேழ்வரகும் நிலக்கடலையும் போடுவார்கள். அந்த விளைநிலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள ஈர மண்ணில்தான் உப்புக்கொத்திகள் ஓடும், ஆற்று ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். குளிர்காலத்தில் விரால் அடிப்பான் தண்ணீரின் மேல் நின்று நிதானித்து, கால்களை முன்னே நீட்டி விழுந்து மீனோடு எழுவதை இங்கே பார்க்கலாம். பரிசல்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தப் பக்கம் பறவை இறங்கியிருக்கிறது என்று நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

இவை தவிர, பெயர் பெறாத ஊர் ஏரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே திரும்பத் திரும்பப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

கரையில்தான் நின்றேன். எல்லாம் புள்ளியாகத் தெரிந்தன.

ஏரிக்கரை இருப்பது ஏரியின் ஆழமான பக்கத்தில். மதகும் அங்கேதான், சாலையும் அங்கேதான். அதனால் எல்லோரும் அங்கேயே நிற்கிறார்கள். பறவைகள் எதிர்ப்பக்கம், வாய்க்கால் வந்து சேரும் உள்வாய்ப் பகுதியில், ஆழம் குறைந்த இடத்தில் இருக்கும். ஊரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போங்கள். காலையில் கிழக்கு ஓரம், மாலையில் மேற்கு ஓரம் என்று சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வெயிலில் நின்றால் பவளக்காலி, பச்சைக்காலி என்ற உள்ளான்கள் இரண்டும் கருப்புக்காலிதான்.

ஏற்காடு ஏரியில் வலசை வாத்துகள் உண்டா?

எதிர்பார்க்க வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் தடுப்பும் கடைகளும், நடுவில் நாள் முழுக்கப் படகும் இருக்கிற ஏரி அது. முக்குளிப்பான், நீர்க்காகம், மீன்கொத்தி இருக்கும்.

அதற்காக மலைக்கு வலசை வருவதே இல்லை என்று அர்த்தமில்லை. வருபவை வேறு வகை. செப்டம்பரிலிருந்தே ஓடைக் கற்களில் சாம்பல் வாலாட்டி துள்ளும். காப்பித் தோட்ட நிழலில் கொடிக்கால் வாலாட்டி வாலைப் பக்கவாட்டில் அசைத்து நடக்கும். வாலாட்டிகளில் மற்றவை எல்லாம் மேலும் கீழும் ஆட்டும்போது இது மட்டும் இடமும் வலமும் ஆட்டும். வடக்கே கூடு வைக்கும் ஆறுமணிக்குருவி, இலைக்கதிர்க்குருவிகள், நீலத்தலைப் பூங்குருவி ஆகியவையும் குளிர்காலத்தை இங்கே கழிக்கும். சேர்வராயன் மலைப் பறவைகளை முறையாக ஆராய்ந்த பழைய முயற்சிகளில் முக்கியமானது 1929-30இல் நடந்த வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு. ஆக, பறவை பார்க்க மலை ஏறுவது நேற்று வந்த பழக்கமல்ல. நீர்ப்பறவைக்கு அடிவாரம், காட்டுப்பறவைக்கு மலை. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைத்தால் கொண்டை ஊசி வளைவுகளில்தான் பாதி நேரம் போகும்.

கூழைக்கடா, நாரை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகின்றனவா?

இல்லை. ஆண்டுதோறும் இந்தக் கேள்வியைக் கிளப்பிவிடுவது "வெளிநாட்டுப் பறவைகள் வருகை" என்ற தலைப்புச் செய்திகள்தான். பெரிய பறவையாக இருந்தால் அது வெளிநாடு என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். நம் ஏரிகளில் தெரியும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன் இவை எல்லாம் இந்தியாவிலேயே கூடு வைப்பவை. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் வெள்ளோட்டிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தண்ணீரையும் மீனையும் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் அலைபவை. சீழ்க்கைச் சிறகியும் புள்ளிமூக்கு வாத்தும் நம்மூரிலேயே ஆண்டு முழுவதும் இருப்பவை.

உண்மையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்திருக்கும் பறவை, அந்தக் கூழைக்கடாவின் காலடியில் ஓடிக்கொண்டிருக்கும் கொசு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், எடை முப்பது கிராமைச் சுற்றி. கூடு வைப்பது ஆர்க்டிக் துந்திரத்தில், மரமில்லாத குளிர்வெளியில். அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

எல்லா வாத்தும் ஒரே பழுப்பாக இருக்கின்றன. புத்தகத்துப் படத்தோடு ஒத்துப்போகவில்லையே?

அக்டோபரில் பார்த்தீர்களா? அப்படித்தான் இருக்கும்.

இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பறக்கும் இறகுகளை மொத்தமாக ஒரே நேரத்தில் உதிர்த்துவிடும். அடுத்த சில வாரங்களுக்குப் பறக்கவே முடியாது. அந்த நிலையில் பளபளக்கும் பச்சைத் தலையோடு திரிந்தால் நரிக்கும் கழுகுக்கும் விருந்துதான். அதனால் அந்தக் காலத்தில் பெண் வாத்தின் மங்கிய பழுப்பைப் பூண்டுகொள்ளும். பறக்கும் இறகு முளைத்து நம் ஊருக்கு வந்து சேரும்போதும் உடம்பில் அந்த மங்கல் கோலம் மிச்சமிருக்கும். ஊசிவால் வாத்து டிசம்பருக்குள் அழகாகிவிடும். தட்டைவாயனுக்கு ஜனவரி ஆகும். நீலச்சிறகு வாத்துதான் சோம்பேறி. கண்ணுக்கு மேல் அந்த வெள்ளைப் பட்டை முழுதாகத் தெரிய பிப்ரவரியும் ஆகலாம்.

எனவே முதல் இரண்டு மாதம் நிறத்தை மறந்துவிட்டு வடிவத்தைப் பாருங்கள். தட்டைவாயனின் அலகு தலையைவிட நீளம், நுனியில் அகலம். எந்தக் கோலத்திலும் அதை மறைக்க முடியாது. அலகின் ஓரத்தில் சீப்புப் பற்கள் நெருக்கமாக இருக்கும், நீரை வடித்து நுண்ணுயிர்களை அதில் பிடித்துக்கொள்ளும். பல தட்டைவாயன்கள் ஒன்றன் வாலுக்குப் பின் ஒன்றாக வட்டமடித்து நீந்தினால், கீழே இருப்பதைக் கலக்கி மேலே கொண்டுவருகின்றன என்று பொருள். ஊசிவால் வாத்துக்கு மெல்லிய நீண்ட கழுத்து. நீலச்சிறகு வாத்துக்கு முகத்தில் கோடுகள் அதிகம்: கண் வழியாக ஒரு கருங்கோடு, கன்னத்தில் இன்னொன்று, அலகடியில் ஒரு வெளிர்ப்பொட்டு. கிளுவைக்கு அந்தப் பொட்டு கிடையாது, வாலின் பக்கத்தில் ஒரு வெளிர்க்கீற்று இருக்கும். புள்ளிமூக்கு வாத்து பெரிது. கருத்த அலகின் நுனியில் மஞ்சள், அது எவ்வளவு தூரத்திலும் தெரியும்.

பகலில் இவை தூங்கிக்கொண்டிருந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். பல வாத்துகள் பகலில் நடு ஏரியில் ஓய்வெடுத்து, இருட்டியபின் வயலுக்கும் குட்டைக்கும் மேயப் போகும்.

உள்ளான்களை எப்படிப் பிரித்தறிவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிக்கப் போகாதீர்கள். சேலத்தில் அதிகம் தென்படும் மூன்றில் தொடங்குங்கள். மூன்றும் கிட்டத்தட்ட மைனா அளவு, மூன்றும் பழுப்பு, மூன்றும் சேற்றோரம்.

சாதா உள்ளான்: மார்பின் பழுப்புக்கும் சிறகுக்கும் நடுவே, தோள்பக்கம் வெள்ளை நிறம் ஒரு குச்சிபோல் மேலே ஏறியிருக்கும். நடக்கும்போது பின்பாகம் ஓயாமல் ஆடும். எழுப்பினால் தண்ணீரை ஒட்டி, சிறகைப் படபடவென்று அடித்து, விறைப்பாக வைத்து, மறுபடி அடித்துப் பறக்கும். அந்தப் பறப்பை ஒருமுறை பார்த்துவிட்டால் பைனாகுலரே வேண்டாம்.

கருப்பு உள்ளான்: முதுகு கருமை, வயிறு பளீர் வெள்ளை. கூட்டம் சேராது. சாக்கடை ஓரம், கல்குவாரிக் குட்டை, வாய்க்கால் மூலை என்று மற்ற பறவைகள் ஒதுக்கிய இடத்தில் தனியாக நிற்கும். கிளம்பும்போது கூர்மையாகக் கத்திக்கொண்டு நேரே உயரே போகும். அப்போது சிறகின் அடிப்பக்கம் கருப்பாகவும் பிட்டம் வெள்ளையாகவும் இருக்கும். உள்ளான் குடும்பத்தில் இது ஒரு விசித்திரப் பிறவி. வடக்கே காட்டுச் சதுப்பில், மரத்தின் மேல், வேறு பறவை விட்டுச்சென்ற பழைய கூட்டில் முட்டையிடும்.

பொறி உள்ளான்: முதுகெங்கும் வெளிர்ப்புள்ளிகள், கண்ணுக்கு மேல் நீண்ட வெண்புருவம், மஞ்சள் சாயல் கால். நடவு வயலில் நான்கைந்தாகச் சேர்ந்திருக்கும். சிறகின் அடிப்பக்கம் வெளிர்நிறம். பறக்கும்போது மூன்று நான்கு முறை விரைவாகச் சீழ்க்கையடிக்கும்.

இந்த மூன்றும் கைவந்துவிட்டால் பச்சைக்காலியின் மேல்நோக்கி லேசாக வளைந்த அலகும், பட்டாணி உப்புக்கொத்தியின் மஞ்சள் கண்வளையமும் தாமாகவே கண்ணில் படும். கோரைக்குள்ளிருந்து காலடியில் வெடித்துக் கிளம்பி வளைந்து வளைந்து பறப்பது விசிறிவால் உள்ளானாக இருக்கலாம். சிறகின் பின்னோரத்தில் வெள்ளைக்கோடு தெரிந்தால் அதுவேதான். தெரியாவிட்டால் ஊசிவால் உள்ளான்.

வரித்தலை வாத்து சேலத்துக்கு வருமா?

அதைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு டிக்கெட் எடுங்கள். திபெத், மங்கோலியா, லடாக் பகுதிகளில் கூடு வைத்து இமயமலையைத் தாண்டி வரும் பறவை அது. 7,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஏரியில் அதற்காகக் காத்திருந்து எதிரே நிற்கும் கருவால் மூக்கன் என்ற நீண்ட அலகுப் பறவையைத் தவறவிட வேண்டாம்.

சாக்கடை கலக்கும் ஏரியில் பறவை அதிகம் இருக்கிறதே? அப்படியானால் சாக்கடை நல்லதா?

நல்லதில்லை. கழிவுநீரில் இருக்கும் சத்தால் கொசுவைப் போன்ற பூச்சிகளின் புழுக்கள் சேற்றில் கோடிக்கணக்கில் பெருகும். நெடுங்கால் உள்ளான்களுக்கு அது விருந்து. கோடையிலும் தண்ணீர் வற்றாது என்பது இன்னொரு காரணம். ஆனால் அதே தண்ணீரில்தான் ஆகாயத்தாமரை மண்டுகிறது, உயிர்வளி குறைந்து மீன் செத்து மிதக்கிறது, சாயக்கழிவும் சேர்ந்து வருகிறது. ஆகாயத்தாமரை முழுக்க மூடிய ஏரியில் தாழைக்கோழி நடமாடும், வாத்துக்கு இறங்க இடமிருக்காது. பறவை நிற்கிறது என்பதை வைத்து ஏரிக்கு நற்சான்று கொடுக்கும் அதிகாரிகளை நம்பாதீர்கள்.

ஏரியை அழகுபடுத்தினால் பறவைகள் கூடுமா?

நடைபாதை, சிமென்ட் கரை, வண்ண விளக்கு, படகு: இதைத்தான் அழகுபடுத்துதல் என்கிறார்கள். கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்தால் தண்ணீரும் மண்ணும் சந்திக்கும் அந்தச் சேற்று ஓரப்பட்டை ஒரேயடியாகப் போய்விடுகிறது. ஏரி தொட்டியாகிவிடுகிறது. தூர்வாருவது தேவைதான், கொள்ளளவு கூடினால் விவசாயிக்கும் நல்லது. ஆனால் மதகுப் பக்கம் ஆழமாக வாரிவிட்டு, உள்வாய்ப் பக்கம் சரிவை அப்படியே விட்டுவைக்கலாமே. அதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. உங்கள் ஊர் ஏரிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே கிராமசபையில் இதைக் கேளுங்கள். பொக்லைன் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

எந்த பைனாகுலர் வாங்குவது?

8x42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். அதிகாலை வெளிச்சத்துக்குப் போதும், கையும் நடுங்காது. 20 மடங்கு, 30 மடங்கு என்று மலிவாக விற்பதை வாங்கினால் பறவைக்குப் பதிலாக உங்கள் கைநடுக்கத்தைத்தான் பெரிதாகப் பார்ப்பீர்கள். உள்ளான் பித்து தலைக்கேறியபின் முக்காலியோடு கூடிய தொலைநோக்கியைப் பற்றி யோசிக்கலாம்.

படம் எடுக்கக் கிட்டே போகலாமா?

பறவை தலையை உயர்த்தி அசையாமல் நின்றால் நீங்கள் ஏற்கெனவே கிட்டே போய்விட்டீர்கள். அங்கேயே உட்காருங்கள். அசையாமல் உட்கார்ந்தால் உள்ளான் தானே மேய்ந்துகொண்டு அருகில் வரும்.

பறக்கும் படத்துக்காகக் கல்லெறிந்து கூட்டத்தை எழுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ட்ரோன் விடுகிறவர்களையும். ஏப்ரல் பயணத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கும் பறவைக்கு ஒவ்வொரு எழுச்சியும் நஷ்டம். கூட்டம் தானாகவே திடீரென எழுந்தால் நீரைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள். பைரியோ சேற்றுப் பூனைப்பருந்தோ, ஏதாவது வேட்டைப்பறவை இருக்கும்.

வலை விரித்திருப்பதைப் பார்த்தால் என்ன செய்வது?

நேரடியாகச் சண்டைக்குப் போகாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொலைவிலிருந்து படமெடுத்து, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வாத்து, உள்ளான், கொக்கு, மடையான் எதைப் பிடித்தாலும் விற்றாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாலையோரத்தில் கறிக்குத் தொங்கவிட்டிருந்தால் வாங்குகிறவரும் குற்றவாளிதான்.

ஒரு நாளில் போய்வரச் சரணாலயம் ஏதாவது?

ஈரோட்டை அடுத்த வெள்ளோடு. 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. நேரம் இருந்தால் திருப்பூர் நஞ்சராயன் குளம், இது 2024இல் சேர்ந்தது. இரண்டிலும் கரையில் நின்றே நிறையப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. ஆறு மணிக்குக் கரையில் இருங்கள், எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள். அதற்குமேல் குழந்தைக்குப் பசி, உங்களுக்கு வெயில். கோரையிலும் கல்லிடுக்கிலும் பாம்பு இருக்கும், செருப்புக்குப் பதில் ஷூ போடச் சொல்லுங்கள். சேற்றுப் பக்கம் குழந்தையைத் தனியாக விடாதீர்கள். தூர்வாரிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது. கழிப்பறையை எதிர்பார்க்காமல் வாருங்கள்.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது?

பறவை நோக்கர்கள் பார்த்ததைப் பதிவிடும் ஈபேர்ட் (eBird) செயலியில். எந்த ஏரி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தப் பறவை எத்தனை என்று எழுதுங்கள். எண்ணாமல் "நிறைய" என்று விடாதீர்கள். பெரிய கூட்டமென்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கணித்துப் பெருக்குங்கள். பறவை எதுவும் இல்லாத நாளின் பட்டியலும் முக்கியம். ஏரி தளும்பிய நவம்பரில் வெறுமையாகக் கிடந்தது என்பதும் ஒரு தகவல்தான். தண்ணீர் எவ்வளவு, சேறு தெரிகிறதா என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அந்த மாதம்தான், அது 1987இல் தொடங்கியது. யாரும் கலந்துகொள்ளலாம்.

காலில் வளையமோ கொடியோ போட்ட பறவையைக் கண்டால்?

படம் எடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளான்களின் காலில் சிறு வண்ணக்கொடி மாட்டியிருப்பார்கள். எந்த நாட்டில், எந்த இடத்தில் மாட்டினார்கள் என்பதை நிறமும் எழுத்தும் சேர்ந்து சொல்லிவிடும். இந்தியாவில் பறவைகளுக்கு வளையமிடும் பணியில் முன்னோடியான பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தகவல் அனுப்பலாம். எழுத்துப் படிக்க முடியாவிட்டால் இடது காலா வலது காலா, மூட்டுக்கு மேலா கீழா, இரண்டு கொடி இருந்தால் எந்த நிறம் மேலே என்பதை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால் இடது வலதாகிவிடும்.